ஏழு படிக்கு ஒரு சாய்தளம்

முதலியார்பேட்டை அதிதூதர் ரபாயேல் கோயிலுக்கு ஏழு படி. ஏறுகிறவர்களுக்கு அது ஏழு படிதான். ஏற முடியாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சங்கதி என்பதைக் கோயில் நிர்வாகமான பங்குப் பேரவை பதினான்கு மாதம் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் கருங்கல்லிலும் வெட்டி வைத்திருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் படிக்கலாம். ஆனால் மேலே ஏறிப் போய்த்தான் படிக்க வேண்டும்.

இந்தக் கூத்தில் மாட்டிக்கொண்டவர் சூசை. மின்துறையில் லைன்மேனாக முப்பத்தொரு வருஷம் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வு பெற்றவர். உயரத்துக்கு அஞ்சாத மனிதர், ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் யாராவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் மனைவி இருதயமேரி தையல் வேலை செய்கிறவள். பீடத்து விரிப்பு, பூசைக்கு உதவும் பிள்ளைகளின் அங்கி, சாமியார் உடுப்பில் அறுந்துபோகிற பொத்தான் எல்லாம் அவள் கைப்பட்டவை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோய் அவளுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் கோயிலுக்குள் போனது ஒரே ஒரு தடவை. ஈஸ்டர், அதாவது பாஸ்கா திருவிழாவுக்கு. கோயில் வாலிபர்கள் நாலு பேர் ஓடி வந்து, கேட்காமலேயே நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். நாலாவது படியில் ஒருவன் கை வழுக்கி, நாற்காலி ஒரு பக்கமாகச் சரிந்து, புடவை விலகி, வெட்டுப்பட்ட கால் புத்தாடை உடுத்தி வந்திருந்த அத்தனை சனத்துக்கும் முன்னால் தெரிந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே குரலில் "ஐயோ பாவம்" என்றார்கள். சிரித்திருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது. செத்த பொறவு தூக்கிக்கங்க, அப்ப நா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் கோயிலுக்கு வெளியே பாதாம் மரத்தடியில், ஒலிபெருக்கிக்குக் கீழே நாற்காலியை நிறுத்திக்கொண்டு பூசை கேட்டாள். நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கும் நேரத்தில் சாமியார் மறக்காமல் இருந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். மறந்துவிட்டால் இல்லை.

மகள் ஜோவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "புள்ள கல்யாணத்துக்கு நா உள்ள போவணும். என் வண்டியில, என் கையால தள்ளிக்கினு. அவ்ளோதாங்க எனக்கு."

"நா பாத்துக்கறேன் மேரி," என்றார் சூசை.

சொன்னதோடு நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக் குளியலறையைக் கட்டிய மேஸ்திரி மண்ணாங்கட்டியைக் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலைக் காட்டினார். மண்ணாங்கட்டி பாகூர் பக்கத்துக்காரர். கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், பூசை சாமான் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்த பக்கவாசலைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கம் தரை மேடு, அதனால் அதற்கு ஒரே படி. அதுவும் அரையடி.

"இதுக்கா இவ்ளோ கவலப்பட்ட? ரெண்டு சட்டி கலவ. காலையில போட்டா நாள மறுநாளு வண்டி ஏறிப்புடும்," என்றார் மண்ணாங்கட்டி.

சூசை நேரே பங்குச் சாமியார் இஞ்ஞாசியாரிடம் போனார். இஞ்ஞாசி சாமி நல்லவர். ஊரில் அவரைக் கெட்டவர் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. எதையும் இல்லை என்று சொல்லவே மாட்டார், குழு போட்டுவிடுவார்.

"அருமையான எண்ணம் சூசை," என்றார் சாமியார். "ஆனா நீங்க ஒருத்தர் கேட்டு நான் செஞ்சா, ஒரு குடும்பத்துக்காகச் செஞ்ச மாதிரி ஆயிடும். திருச்சபைன்னா எல்லாருக்கும் பொதுவா செய்யணும். முறைப்படி செய்வோம். நீங்கதான் செயலாளர்."

அப்படி உண்டானதுதான் 'அனைவரையும் அரவணைக்கும் அணுகல் பணிக்குழு'. அந்தப் பெயரை வைக்கவே இரண்டு கூட்டம் பிடித்தது. ஊனமுற்றோர் என்பதா, மாற்றுத்திறனாளி என்பதா, இறைவனின் சிறப்புப் பிள்ளைகள் என்பதா என்று வாதம் நடந்து, யாருக்கும் மனம் புண்படாதபடி அவர்களைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

குழுவுக்குத் தலைவர், பிரெஞ்சு மரியாதையில் ஊரே 'முசே' என்று கூப்பிடுகிற முசே கிளேமான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கோடையிலும் கோட்டு. கோயில் கதவு கீச்சிட்டாலும் அதில் பிரெஞ்சுக்காரன் காலத்து மகிமை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்வார்.

பக்கவாசல் யோசனையைச் சூசை முதல் கூட்டத்திலேயே தயங்கித் தயங்கிச் சொன்னார். முசே கிளேமான் எழுந்தே நின்றுவிட்டார்.

"மெ நோன், சூசை, மெ நோன்! கூடவே கூடாது! ஒரு சகோதரிய, ஒரு தாய, பின்பக்கமா திருடி மாதிரி உள்ள கொண்டாறதா? என்னா அவமானம்! அவுங்களும் நம்மள மாதிரி மனுஷங்கதானே? நாம எந்த வழியா போறமோ அந்த வழியாத்தான் அவுங்களும் போவணும். முன்வாசல்! பெரிய வாசல்! அது ஆவுற வரைக்கும் அவுங்க கௌரவமா வெளியவே இருக்கட்டும்."

எல்லோரும் கை தட்டினார்கள். சூசையும் தட்டினார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு பெரிய மனிதர் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. பக்கவாசல் வழியாக இனி ஒருவரும் அவமானப்பட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானம் போட்டு, அதைப் பூட்டி, பூட்டுக்கு முன்னால் ஆளுயர இரும்பு அலமாரி ஒன்றையும் நிறுத்திவிட்டார்கள்.

கூட்டம் நடப்பது சாமியார் பங்களா மாடியில். இருபத்திரண்டு படி. குழுவில் பயனாளிகள் சார்பில் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சாமியாரே வற்புறுத்தி இருதயமேரியின் பெயரைச் சேர்த்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் சூசை வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் பெயராகக் கூப்பிடுவார். தன் மனைவியின் பெயர் வந்ததும் "வரவில்லை" என்று எழுதுவார். அவள் கீழே பாதாம் மரத்தடியில் இருந்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் முசே கிளேமான் விதிகளைப் புரட்டினார். "தொடர்ந்து மூணு கூட்டத்துக்குக் காரணம் இல்லாம வரலன்னா உறுப்பினர் பதவி போயிடும். விதி ஒம்போது."

"காரணம் எழுதிக்கலாங்களா முசே?" என்றார் சூசை.

"என்னா காரணம்?"

"படி ஏற முடியலன்னு."

முசே கிளேமான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சூசை, அவுங்களால படி ஏற முடியுமா முடியாதாங்கறத பத்திப் பேசத்தானே நாம கூடியிருக்கறோம்? இன்னும் முடிவாவாத விஷயத்த காரணம்னு எழுதுனா, முன்கூட்டியே தீர்ப்பு சொன்னாப்ல ஆயிடாதா?"

சாமியார் வருத்தத்தோடு தலையாட்டினார். "வர்றதுக்கு ஆர்வம் இல்லைன்னு போட்டுக்குங்க. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி இருக்காது."

சூசை எழுதினார். 'திருமதி இருதயமேரி: ஆர்வமின்மை காரணமாக விலக்கப்பட்டார்.' பேனா நன்றாகத்தான் ஓடியது. கை கூசவில்லையா என்றால், கூசியது. கூசின கையாலேயே முற்றுப்புள்ளியும் வைத்தார்.

வீட்டில் இருதயமேரி கேட்டாள். "இன்னா முடிவாச்சி?"

"பேசிக்கினு இருக்காங்க மேரி. நல்லா பேசறாங்க."

அந்தக் கூட்ட நோட்டு ஒருநாள் ஜோவிதா கண்ணில் பட்டது. அவள் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள், காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம்.

"அம்மாவுக்கு ஆர்வம் இல்லன்னு நீயாப்பா எழுதன?"

"நா எழுதலம்மா. அவுங்க சொன்னாங்க, நா எழுதனேன்."

ஜோவிதா நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று சூசைக்கு இருந்தது.

அடுத்து, தேவை உண்டா என்பதை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பெரிய வாசலில் இரண்டு பேரை நிறுத்திக் கணக்கெடுத்தார்கள். சக்கர நாற்காலியில் கோயிலுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர்? ஒருவருமில்லை. மூன்று வாரமும் ஒருவருமில்லை. அறிக்கையைப் படித்துவிட்டு முசே கிளேமான் சிலுவை போட்டுக்கொண்டார்.

"நம்ம பங்குல அப்படிக் கஷ்டப்படறவுங்க ஒருத்தர்கூட இல்ல! ரபாயேல் சம்மனசோட ஆசீர்வாதத்தப் பாத்தீங்களா?"

சூசைக்குப் பொறுக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். சாமியார் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். கீழே இருதயமேரி. சாமியார் சிரித்துக் கையசைத்தார். அவளும் அசைத்தாள்.

"ஆனா அவுங்க வெளியில இருக்காங்களே சூசை," என்றார் சாமியார் கனிவாக. "நாம எடுத்தது உள்ள வந்தவங்க கணக்கு."

இருந்தும் திட்டத்தைக் கைவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். கைவிட்டிருந்தால் சூசை ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டிருப்பார். கைவிடாமல் நடத்திக்கொண்டிருந்ததால் பலகை போடவும் வழியில்லை. 'குழுவின் பரிசீலனையில் உள்ள இடம், தனியார் எதுவும் வைக்கக் கூடாது' என்று ஏழாவது படியில் ஒரு அறிவிப்புப் பலகையை மட்டும் வைத்தார்கள்.

பிறகு வந்தது அருட்சாதனச் சிக்கல். ஏழு படியும் ஏழு அருட்சாதனத்தை, அதாவது திருச்சபையின் ஏழு புனிதச் சடங்கை, குறிக்கிறது என்று முசே கிளேமான் எங்கேயோ படித்திருந்தார். சாய்தளம் போட்டால் பாதிப் படி மூடிப்போகும். எந்த அருட்சாதனத்தை மூடுவது?

"ஞானஸ்நானத்த மூட முடியாது. அது இல்லாம நாமளே இல்ல," என்றார் ஒருவர்.

"மெய்விவாகத்த மூடினா பொண்ணு மாப்பிள்ள எதுல ஏறுவாங்க?" என்றார் இன்னொருவர்.

பாவசங்கீர்த்தனத்தை மூடலாம், பாவத்தைச் சொல்ல யார் வருகிறார்கள் என்று மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சாமியார் சற்று நேரம் யோசித்துவிட்டு, மறுக்கவும் இல்லை. இப்படி நாலு மாதம். கடைசியில் எல்லா அருட்சாதனத்தையும் பாதி பாதி மூடுவது என்று சமரசம் ஆனது. அதற்கும் சூசைதான் தீர்மானம் எழுதினார்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது திடீரென்று எல்லாம் வேகம் பிடித்தது. பிரான்சில் இருந்த முசே கிளேமானின் மச்சான் லெயோன் தனிஸ்லாஸ் காலமாகி, அவர் குடும்பம் அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டுமென்று கேட்டது. சாய்தளம் செலவை முழுக்க ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. லெயோன் பெயர் வெட்டிய கல்லைக் கோயிலுக்குள் போகிற அத்தனை பேரும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மண்ணாங்கட்டிக்கு வேலை வந்தது. திருவிழாச் சப்பரம் திரும்ப இடம் வேண்டும் என்று சாய்தளத்தின் நீளத்தைப் பாதியாக வெட்டினார்கள். "ரொம்ப செங்குத்தா இருக்குது சாமி, வண்டி பின்னால சரியும்," என்றார் அவர். பரலோகத்துக்குப் போகிற வழி சுலபமாக இருக்காது என்று சாமியார் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை, பின்னால் இருந்து தள்ளிவிடலாம். அதற்கப்புறம் வந்ததுதான் கல்.

கல்லை எங்கே வைப்பது? சுவரில் பதித்தால் பார்க்காமல் போய்விடுவார்கள். தரையில் பதித்தால் செத்துப்போன மனிதரின் பெயரை மிதித்தது போல் ஆகும், அதிலும் மேலே சிலுவைக்குறி வேறு. ஆகவே சாய்தளம் போய்ச் சேருகிற உச்சியில், வாசலுக்கு நேர் எதிரே, முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் பீடம் கட்டி, அதன் மேல் கல்லைச் சாய்த்து வைப்பது என்று முடிவானது. வலப்பக்கம் ஒரு ஆள் ஒதுங்கிப் போகிற அளவுக்கு இடைவெளி விட்டார்கள். நடந்து போகிற ஆள்.

அன்று சாயந்தரம் மண்ணாங்கட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சூசையைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யோவ், இது இன்னா கூத்து? வண்டி எங்க போவும்? பறந்தா போவும்? அந்தம்மாவுக்குன்னுதானே இத்தினி நாளும் எழவு கொட்டிக்கினு கெடந்த?"

"சாமிகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'கட்டறது உன் வேல, யோசிக்கறது எங்க வேல'ன்னுட்டாரு. நீ செயலாளரு. ஒரு வார்த்த சொல்லு, கலவ ஈரமா கீது, இப்பவே பேத்துப் போட்டுடறேன். காஞ்சிப்போச்சின்னா என்னால ஆவாது."

சூசை பங்களா மாடிக்கு ஏறினார். இருபத்திரண்டு படியும் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினார். மேலே முசே கிளேமானும் சாமியாரும் திறப்பு விழா அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'செயலாளர் திரு. சூசை' என்று அவர் பெயரும் அச்சாகியிருந்தது. கம்பத்தில் ஏறின காலத்தில் அவர் பெயரை யாரும் எதிலும் அச்சடித்தது கிடையாது. சாமியார் ஒரு பட்டுப் பட்டையை எடுத்து அவர் சட்டைப்பையின் மேல் குத்திப் பார்த்து, "எடுப்பா இருக்கு," என்றார். முசே கிளேமான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பதின்மூன்று மாதத்தில் அவர் சூசையை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

சூசை உட்கார்ந்தார். டீ குடித்தார். இறங்கி வந்தார்.

"இன்னா சொன்னாங்க?" என்றார் மண்ணாங்கட்டி.

"இருக்கட்டும்பா. பெரியவங்க பாத்துத்தானே பண்றாங்க."

மண்ணாங்கட்டி கரண்டியை எடுத்துப் பீடத்தைப் பூசி முடித்தார். சூசை வீட்டுக்குப் போனார். "முடிஞ்சிச்சா?" என்று ஆசையாகக் கேட்டாள் இருதயமேரி. "முடிஞ்சிடிச்சி," என்றார். அது பொய்யில்லை என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

புதன்கிழமை கல்யாணம். அதற்கு முந்தின ஞாயிறு திறப்பு விழா. தெருமுனையிலிருந்தே பேனர். பேனரில் இருதயமேரி. நிச்சயதார்த்தப் படத்திலிருந்து அவள் தலையை மட்டும் வெட்டி எடுத்து, எங்கிருந்தோ எடுத்த ஒரு சக்கர நாற்காலிப் பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்புக்கு இரண்டு காலும் இருந்தது, இரண்டிலும் ஷூவும் இருந்தது. கீழே 'முதல் பயனாளி' என்று எழுதியிருந்தது.

இருதயமேரி பேனரைச் சற்று நேரம் பார்த்தாள். "நல்லா தச்சிருக்கானுங்க," என்றாள். அன்றைக்கு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். மயில்கழுத்து நிறப் பட்டு கட்டி, மடியில் சால்வை போர்த்தி, தலையில் பூ வைத்திருந்தாள். அதுதான் சூசைக்குத் தாங்கவில்லை.

சிறப்பு விருந்தினராக வந்த மூத்த குரு ஒருவர் ரிப்பன் வெட்டினார். முதலில் அவர் ஏறினார், பிறகு சாமியார், பிறகு பேரவை, பிறகு லெயோன் தனிஸ்லாஸ் குடும்பம். இரண்டு காலும் நன்றாக இருந்த நாற்பது பேர் சாய்தளத்தில் ஏறி, பீடத்தை ஒதுங்கிக் கடந்து, கல்லைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்து வாசலில் நின்றார்கள். மேலே டிரோன் சுற்றியது. முசே கிளேமான் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு காலத்துல இந்தப் படியில ஏற முடியாதவுங்க நம்ம கண்ணுக்குத் தெரியாம இருந்தாங்க. இன்னிக்கி அவுங்களால நாம எவ்ளோ நல்லவங்கன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கு. அவுங்களுக்கு நாம நன்றி சொல்லணும். அவுங்க இல்லன்னா லெயோன் பேரு எங்க வெட்டறது?"

கைதட்டல் அடங்கியதும் முதல் பயனாளியைக் கூப்பிட்டார்கள். இருதயமேரி சக்கரத்தைத் தன் கையாலேயே தள்ளினாள். செங்குத்தில் பாதி வரைக்கும் வந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. பின்னாலிருந்து சூசை தள்ளினார். மேலே போய்ச் சேர்ந்து, முகம் நிமிர்ந்து, வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு முன்னால் கல் இருந்தது.

ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. வண்டியை வலது பக்கம் திருப்பினாள். இடைவெளியில் சக்கரம் முட்டியது. இடது பக்கம் திருப்பினாள். அங்கே சுவர். திரும்பிச் சூசையைப் பார்த்தாள். அவர் கல்லில் வெட்டிய எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் சலசலத்தது. முசே கிளேமான், "தூக்குங்கப்பா, தூக்குங்க! பேரு மேல சக்கரம் படாம!" என்று சத்தம் போட்டார்.

"வேணாம்," என்றாள் இருதயமேரி. "வேணாங்க. ஏங்க, வேணாம்னு சொல்லுங்க."

இஞ்ஞாசி சாமிக்குத்தான் எப்போதும் சமயோசிதம். மைக்கில் கணீரென்று சொன்னார். "அன்பார்ந்தவர்களே! முடக்குவாதக்காரர் ஒருத்தரை நாலு பேர் தூக்கிட்டு வந்தாங்கன்னு நற்செய்தியில வாசிக்கிறோம். இன்னிக்கி அது நம்ம கண் முன்னால நிறைவேறுது! எங்கே அந்த நாலு பேர்?"

மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். நாலாவது மூலை காலியாக இருந்தது. அது சூசை நின்ற மூலை. அத்தனை கண்ணும் அவர் மேல். சட்டைப்பையில் பட்டை மினுங்கியது.

"ஒரு நிமிஷம்தான் மேரி," என்றார் சூசை. குனிந்தார். சக்கரத்தைப் பிடித்தார். தூக்கினார்.

பெயரின் மேல் படக் கூடாதென்று மார்பு உயரத்துக்குத் தூக்கினார்கள். மடியிலிருந்த சால்வை நழுவிக் கல்லின் மேல் விழுந்தது. டிரோன் தாழ இறங்கிப் படமெடுத்தது. அவள் கத்தவில்லை. இரண்டு கையாலும் புடவையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் மணியை அடித்தார்கள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் சாதாரணமாகவே இருந்தாள். மாப்பிள்ளை ஜெர்ரி வீட்டாருக்குச் சாப்பாடு, தாம்பூலப் பை, ஜோவிதாவின் ரவிக்கைக்குக் கொக்கி எல்லாம் பேசினாள். அதை மட்டும் பேசவில்லை. பேசாமல் இருப்பவளிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? சூசை செவ்வாய்க்கிழமை சாமியாரிடம் ஓடினார்.

"கல்ல எடுத்துடலாங்களா சாமி? நாளைக்கி ஒருநாளைக்கி மட்டும்."

"தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாச்சே சூசை," என்றார் சாமியார், உண்மையான வருத்தத்தோடு. "மந்திரிச்ச கல்ல நினைச்சபடி அசைக்க முடியாது. ஆனா உங்க கோரிக்கையில நியாயம் இருக்கு. ஒரு குழு போடுவோம். அனுபவம் உள்ளவர், நீங்களே செயலாளரா இருங்க."

சூசை வாயைத் திறந்தார். வந்தது, "சரிங்க சாமி."

கல்யாணத்தன்று காலையில் இருதயமேரி நாற்காலியைப் பாதாம் மரத்தடியில் நிறுத்திக்கொண்டாள். சாமியார் தீர்த்தத்தோடு மேலே வாசலில் காத்திருந்தார். ஜோவிதா படியில் கால் வைக்க மறுத்தாள்.

"அம்மா இல்லாம நா ஏற மாட்டேன். சாமிய இங்க எறங்கி வரச் சொல்லுங்க."

வெளியில் தாலி கட்ட மேலிடத்து அனுமதி வேண்டும், எழுத்தில் வேண்டும் என்று மேலேயிருந்து பதில் வந்தது. இருதயமேரி மகளைக் குனியச் சொல்லி நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

"ஏறுடி. உன் கல்யாணத்துல அழுதா மை கலையும். ஸ்பீக்கர்ல எல்லாம் நல்லாத்தான் கேக்கும்."

சூசை மகளைக் கைப்பிடித்து உள்ளே கொண்டுபோய் விட்டார். உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வாசல் தெரிந்தது, லெயோன் தனிஸ்லாஸ் கல்லின் முதுகு தெரிந்தது. மனைவி தெரியவில்லை. பிரசங்கம் தொடங்கியதும் அவரால் முடியவில்லை. எழுந்து, அத்தனை பேர் பார்க்க வெளியே நடந்தார். மரத்தடியில் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு சின்ன ஆறுதலும் இருந்தது. இதையாவது செய்தோமே என்று. அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தார், பாவி மனுஷன்.

ஒலிபெருக்கியில் சாமியார் சாய்தளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேரி," என்றார் சூசை. "கல்ல எடுக்கறதுக்கு மனு குடுத்திருக்கேன். தப்பு அவுங்க மேலதான், நீ மனசுல வெச்சுக்காத. அன்னிக்கி நாலு பேரும் வேணும்னு தூக்கல."

இருதயமேரி புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"நாலு பேரு தூக்குனாங்க," என்றாள் மெதுவாக. "அதுல மூணு பேரு மூஞ்சி எனக்கு ஞாபகமே இல்லங்க."

உள்ளே தாலி கட்டும் நேரம் வந்திருந்தது. பெண்ணின் தகப்பனார் எங்கே என்று ஒலிபெருக்கியில் தேடினார்கள்.

"கூப்புடறாங்க, போங்க," என்றாள். அவர் எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஏழு படியும் ஏறி உள்ளே போனார்.